வைத்தியசாலைக் காற்றும் தொய்வு நோயும்

அன்புவழிபுரத்திலிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடமைக்குச் செல்லும் ஒரு தாதிக்கோ சிற்றூழியருக்கோ முட்டு வந்துவிட்டால், மாரிக் குளிரையும் வீட்டுத் தூசியையும் பரம்பரையையும் காரணமாகச் சொல்வார் பலருளரேயன்றி, பகலெல்லாம் அவர் சுவாசிக்கும் வார்ட்டுக் காற்றைப்பற்றி விசாரிப்பார் அரியர். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் வினவுதல் வேண்டுமென்று இத்தாலிய வைத்தியர் ராமசீனி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பிறர் நோய் தீர்க்க உழைப்போரிடம் அக்கேள்வி கேட்கப்படாதிருப்பது மிக வருந்தத்தக்கது.

கையுறையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்துக்குக் கன்றுகள் வந்த நாள் முதலாக இறப்பரோடு பழகிய இத்தேசத்தார்க்கு, அம்மரப்பாலிலுள்ள புரதங்கள் சிலருடைய சரீரத்தில் ஒவ்வாமையை எழுப்பும் என்பது புதுமையாகத் தோன்றலாம். எயிட்ஸ் அச்சத்தினால் எல்லா நோயாளரின் இரத்தத்தையும் கையுறையோடு கையாளுக என்ற விதி 1987இல் அமெரிக்காவில் வலியுறுத்தப்பட்டுப் பிற நாடுகளிலும் பரவியபோது, கையுறை எளிதில் ஏறும்பொருட்டு உள்ளே தூவப்பட்ட சோளமா அப்புரதங்களைப் பற்றிக்கொண்டு, கழற்றுந்தோறும் காற்றிற் பறந்து, அணிந்தவரோடு அருகில் நின்றவரின் சுவாசப்பையையும் சென்றடைந்தது. மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காகவே, எவ்வித உபாதையுமின்றிக் கழிந்த பின்னரே நெஞ்சு இறுகத் தொடங்குவது இவ்வகைத் தொய்வின் இயல்பாதலின், காரணம் கண்முன்னிருந்தும் மறைந்திருந்தது. டெக்ஸாஸ் மாநிலச் சுகாதார ஊழியரைப்பற்றி 2007இல் வெளிவந்த ஆராய்ச்சியில், மாத்தூளிட்ட கையுறையால் விளைந்த அபாயம் 2000க்குப் பின் காணப்படவில்லை. ஆனால் கருவிகளைக் கழுவுவோர்க்கும், தரை முதலியவற்றைத் துடைப்போர்க்கும், நெபுலைசர் போன்றவற்றால் மருந்து கொடுப்போர்க்கும் அபாயம் மிகுந்தே இருந்தது. மாத்தூளிட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் முற்றாக விலக்கியது.

கிருமிநாசினிகளின் கதை இன்னும் முடியவில்லை. எண்டோஸ்கோப் கருவிகளை ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைட்டின் ஆவி தொய்வை உண்டாக்கும் என்பது நெடுநாளாக நிரூபிக்கப்பட்ட விஷயம். குளோரின் தூளைக் கரைத்துத் தரை கழுவும் ஊழியர், கறை போகட்டுமென்று அதனோடு கழிவறை அமிலத்தையும் கலந்தாரானால், குளோரின் வாயு கிளம்பி, முன் ஒவ்வாமை ஏதுமில்லாதவரின் சுவாசக் குழாய்களையும் சில மணி நேரத்திலேயே புண்படுத்திவிடும். சாதாரண முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. இவ்வேலை பெரும்பாலும் குறைந்த சம்பளமும் குறைந்த பயிற்சியும் பெறுவோரின் தலையிலேயே விழுகிறது என்பதை நிர்வாகத்தார் மனங்கொள்ள வேண்டும்.

கடமை நாட்களில் முட்டு மிகுந்து, விடுமுறையில் தணியுமானால், தொழிலையே முதலிற் சந்தேகிப்பது நன்று. ஊதி அளக்கும் பீக் ஃபுளோ மீட்டரைக் கொண்டு, வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலும் தினம் நான்கு முறையேனும் சில வாரங்கள் அளவெடுத்துக் குறித்துவந்தால், வைத்தியர் அவ்வேற்றத்தாழ்வை ஒப்பிட்டு உண்மையை அறிவார். மாத்தூளில்லாக் கையுறை, பீச்சியடிப்பதற்குப் பதிலாகத் துணியில் நனைத்துத் துடைத்தல், கருவி கழுவும் அறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. இழுப்பு மருந்தை மட்டும் எழுதிக்கொடுத்து அதே அறைக்கு ஊழியரைத் திருப்பியனுப்பினால், நோய் ஆண்டுக்காண்டு வேரூன்றி, பின்னர் வேலையை விட்டாலும் நீங்காததாகிவிடக்கூடும்.