கிழட்டு வண்டியும் எட்டு சிலிண்டரும்

நம்ம ரூம்மேட்டோட 1985 லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே60-ல டென்வர்லேர்ந்து ஐசன்ஹோவர் சுரங்கம் ஏறினா, 11,000 அடியில காத்து கம்மி. கார்புரேட்டர் வச்ச 4.2 லிட்டர் இன்ஜின் மூச்சு வாங்கும். லாரியெல்லாம் முந்திட்டுப் போகும், மானமே போயிடும்!

போன கோடையில அதைக் கழட்டிட்டு, செவர்லே சில்வராடோவோட 5.3 லிட்டர் வி8-ஐயும் 4 கியர் ஆட்டோமேட்டிக்கையும் வச்சோம். ஃபோர் வீல் டிரைவுக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் பழசு, நடுவுல ஒரு அடாப்டர். இன்ஜின் ஒரே நாள்ல உக்காந்துடுச்சு. ஒயரிங்தான் மூணு மாசம் தின்னுச்சு. பெட்ரோல் பம்பும் மாத்தணும்: இன்ஜெக்‌ஷனுக்கு 58 பிஎஸ்ஐ வேணும், பழசு அதுல பத்துல ஒரு பங்குகூடத் தராது.

ஏத்தத்துல பறந்துச்சு. இறக்கத்துலதான் வயித்தைக் கலக்கிடுச்சு. முன்னாடி ரெண்டாவது கியர் போட்டா இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். இப்போ ஓவர்டிரைவ்ல அவுத்துவிட்ட காளை மாதிரி ஓடுது. பிரேக்கோ அதே 1985!

லேப்டாப்புக்கு வச்சிருந்த காசு பிரேக்குக்குப் போகுது மக்களே. முதல்லயே போயிருக்கணும்.