11 நாள் உண்ணாமல் பறக்கும் பறவை

ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பர் மாதமளவில், ஓக்லாந்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள மிராண்டா கடற்கரைக்குச் சில விருந்தாளிகள் வருகிறார்கள். மாவோரி மக்கள் 'குவாக்கா' என்று அழைக்கும் பறவைகளே அவை. அலாஸ்காவிலிருந்து பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி, எங்கும் இறங்காமல் வந்து சேர்கின்றன. 2007இல் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் பறவை 11,500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைச் சுமார் எட்டு நாட்களில் கடந்தது. 2022இல் ஐந்து மாத வயதே ஆன ஓர் இளம் பறவை, தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் பறந்தது. வழியில் உணவுமில்லை, நீருமில்லை.

இது எப்படி முடிகிறது? பதில்: கொழுப்பும் ஹோர்மோன்களும்.

புறப்படும் காலம் நெருங்கும்போது பறவைக்குப் பெரும் பசி எடுக்கிறது. அது தின்று தின்று, உடல் எடையில் பாதியளவு கொழுப்பாகும் வரை சேமிக்கிறது. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். கொழுப்பு எரியும்போது உடலுக்குள் நீரும் உண்டாகிறது.

பறக்கத் தொடங்கியதும் சேமிப்பறையின் கதவு திறக்க வேண்டும். பறவைகளில் இதற்கான முக்கிய திறப்பு, கணையத்தில் சுரக்கும் குளுக்ககோன் என்ற ஹோர்மோன். கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுவது அதன் வேலை. நமது கோர்ட்டிசோலை ஒத்த கோர்ட்டிகோஸ்டெரோனும் அதற்குத் துணை நிற்கிறது.

நமது உடலிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. சாப்பிட்டவுடன் இன்சுலின் சேமிக்கச் சொல்கிறது. உடலை அசைத்து உழைக்கும்போது இன்சுலின் குறைந்து, அட்ரினலின் கூடி, கொழுப்பு வெளியே வருகிறது. குவாக்காவின் கொழுப்புக்கு ஒரு பயணம் காத்திருக்கிறது. நமது கொழுப்போ வயிற்றைச் சுற்றிக் குடியிருந்து, இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. தெற்காசியர்களாகிய நமக்கு, அதிக எடை இல்லாதபோதும் இளவயதிலேயே நீரிழிவு வரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி முன் அமராமல் 15 நிமிடம் நடவுங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடப்பது நல்லது.

நியூசிலாந்தின் 2018 வழிகாட்டலின்படி, தெற்காசிய ஆண்கள் 30 வயதிலும் பெண்கள் 40 வயதிலும் இதய நோய் ஆபத்துக்கான பரிசோதனையைத் தொடங்க வேண்டும். இரத்தச் சர்க்கரையும் அப்போது பார்க்கப்படும். உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பறவையைப் பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். விரத நாட்களுக்கு முன் வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

வரும் கோடையில் பிள்ளைகளுடன் மிராண்டாவுக்குப் போய் வாருங்கள். பறவைகளையும் பார்க்கலாம், கரையோரமாக நடக்கவும் செய்யலாம்.