காசில்லாமல் கேட்கும் கச்சேரி

சிகாகோ நகரத்துக் குளிர்காலம் சாமானியமானதல்ல. மிச்சிகன் ஏரியின் மேல் தவழ்ந்து வரும் காற்று எலும்பு வரையில் துளைத்துவிடும். ஆகையால் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அந்த ஊர் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சம்மதிப்பதில்லை. கோடைக் காலத்தில் ஏறக்குறைய பத்து வாரங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமை மாலைகளில் ஏரிக்கரைப் பக்கம் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கையில் ஒரு கூடை, கக்கத்தில் ஒரு ஜமக்காளம், இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் கிராண்ட் பார்க்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரும் சங்கீதம் கேட்கப் போகிறவர்கள். டிக்கெட் கிடையாது!

தனியாகப் போகிறவர்கள் குறைவு. சிநேகிதர்களோடு போவதுதான் வழக்கம. யாருக்கு ஆபீஸ் முதலில் முடிகிறதோ அவர் ஓடிப்போய்ப் புல்தரையில் விரிப்பைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். இன்னொருவர் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் பழமும் கொண்டு வருவார். மூன்றாமவர் பசியை மட்டும் கொண்டு வருவார். எந்தச் சிநேகிதக் கூட்டத்தில்தான் அப்படி ஒருவர் இல்லை? புதன், வெள்ளிக்கிழமைகளில் கச்சேரி ஆரம்பிப்பது மாலை 6.30 மணிக்கு; சனிக்கிழமைகளில் அதற்குப் பிந்தி. அந்த ஊரில் கோடைச் சூரியன் மறைய எட்டு, எட்டரை ஆகிவிடுமாதலால், வெளிச்சத்தில் தொடங்கும் பாட்டு விளக்கேற்றும் வேளையில் முடியும்.

இவ்வளவு சுகமான காரியம் பிறந்தது சுகமான காலத்தில் அல்ல.

பேசும் படம் பறித்த பிழைப்பு

மௌனப் படங்கள் ஓடிய நாளில் அமெரிக்கத் தியேட்டர்களில் திரைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரிய தியேட்டர் என்றால் ஒரு முழு வாத்திய கோஷ்டியே இருக்கும். 1927-ம் வருஷத்தில் 'ஜாஸ் சிங்கர்' வந்தது. பேசும் படத்தின் காலம் பிறந்தது. படமே பாடும்போது பிடில்காரர் எதற்கு? சில வருஷங்களுக்குள் அவர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தார்கள். போதாக்குறைக்கு 1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்து பொருளாதார மந்தம் வேறு வந்து சேர்ந்தது.

அப்போது சிகாகோ வாத்தியக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. இளமையில் டிரம்பெட் ஊதியவர். பிற்பாடு அதைவிட உரக்கப் பேசக் கற்றவர். நகரப் பூங்கா நிர்வாகத்திலும் அவர் ஓர் அங்கத்தினர். 'ஜனங்களிடம் டிக்கெட் வாங்கப் பணமில்லை, வாத்தியக்காரர்களுக்கு வேலையில்லை. இரண்டு பேரையும் பூங்காவில் சேர்த்துவைத்தால் என்ன?' என்பது அவருடைய யோசனை. 1935-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் கச்சேரி நடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இலவசம் என்பது கேட்பவனுக்குத்தான்; வாசித்தவனுக்குச் சம்பளம் உண்டு. 'ஊருக்கு உபகாரமாகச் சும்மா வாசித்துவிட்டுப் போங்கள்' என்று கலைஞர்களைப் பிடித்து உட்கார வைக்கும் தர்மப் பிரபுக்களை எல்லாத் தேசங்களிலும் பார்க்கலாம். பெட்ரில்லோ அந்த ரகமல்ல. இசைத்தட்டுக்கள் வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று 1942-ம் வருஷம் அமெரிக்கா முழுவதும் இசைத்தட்டுப் பதிவையே நிறுத்தி வைத்த மனிதர் அவர்! அந்தப் பிடிவாதம் நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பிடிவாதக்காரர் கையால் நட்ட கன்று 90 வருஷங்களுக்கு மேல் தழைத்து நிற்கிறது.

புல்தரைக்கு மேல் ஓர் இரும்புப் பந்தல்

இன்று கச்சேரி நடக்கும் இடம் 2004-ல் திறந்த பிரிட்ஸ்கர் மண்டபம். பிராங்க் கெரி என்ற கட்டிடக் கலைஞர் அமைத்தது. மேடைக்கு மேல் எஃகுத் தகடுகள், அவிழ்த்துவிட்ட ரிப்பனைப் போலச் சுருண்டு நிற்கின்றன. அழகா, அலங்கோலமா என்று சிநேகிதர்கள் சண்டை போட நல்ல விஷயம். எனக்கு அதைவிடப் பிடித்தது புல்தரைக்கு மேலே வளைந்து செல்லும் குழாய்ப் பந்தல்தான். ஒலிபெருக்கிகளை அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடை ஒலி காற்றில் வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அவற்றின் ஒலியை அந்த இம்மி நேரம் தாமதித்து விடுகிறார்கள். ஆகவே கடைசி வரிசைக்காரனுக்கும் சங்கீதம் மேடையிலிருந்தே வருவதுபோல் கேட்கிறது. நாற்காலிகள் சுமார் 4,000. புல்தரையில் 7,000 பேர் உட்காரலாம்.

மேடைக்கு அருகிலுள்ள நாற்காலிகளில் ஒரு பகுதியைப் பணம் கட்டிய அங்கத்தினருக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். செலவுக்கு வேறு வழி வேண்டுமே! மற்ற நாற்காலிகளும் புல்தரையும் எல்லோருக்கும் பொது.

'காசு கொடுக்காத கூட்டம் கவனித்துக் கேட்குமா?' என்று சங்கீதப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். வாஸ்தவம், பின்வரிசையில் பேச்சு உண்டு, குழந்தை அழுகை உண்டு. மெல்லிய பிடில் நாதம் இழையும் சமயம் பார்த்துத் தெருவில் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு போகும். ஏரிக்காற்று தாளைப் புரட்டாமலிருக்க வாத்தியக்காரர்கள் கிளிப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் பெரிய சபாக்களில், பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காகக் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறோம். எப்போது கை தட்டுவது என்று பக்கத்து ஆசாமியைப் பார்த்துக்கொள்கிறோம். இங்கே அந்தப் பயமில்லை. சாப்பாட்டுக்காகச் சிநேகிதனோடு வந்தவன், பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, 'இது என்ன பாட்டு?' என்று கேட்கிறான். அவன் ஒருநாளும் டிக்கெட் வாங்கி வந்திருக்கமாட்டான்.

மாலையில் வர முடியாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. பகலில் நடக்கும் ஒத்திகையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நடத்துநர் கோலைத் தட்டி நிறுத்துகிறார், அதே நாலு வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார், திருப்தியில்லை, மறுபடியும். பக்கத்துக் கட்டிடங்களிலிருந்து வந்த குமாஸ்தாக்கள் மடியில் ரொட்டிப் பொட்டலத்தை விரித்துக்கொண்டு கேட்கிறார்கள். நாலாவது தடவை அது சரியாக அமையும்போது, சாப்பாட்டு நேரம் முடிந்து பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.