கேட்டு உறுதி செய்வது மரியாதைக் குறைவன்று

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு சிறு வணிக அலுவலகத்தை நினைத்துப் பார்ப்போம். ஊழியர்களின் தாய்மொழிகள் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், பொதுமொழி இந்தி. 'கல் கா மால்' என்று மேலாளர் சொல்லிச் செல்கிறார். இந்தியில் 'கல்' என்னும் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். நேற்று வந்த சரக்கா, நாளை வரும் சரக்கா? மறுபடி கேட்டால் என்ன நினைப்பாரோ என்று ஊழியர் பேசாமல் இருந்துவிடுகிறார். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வரும் தீவில், இத்தகைய தவறு உடனே திருத்தக்கூடியதன்று.

இந்தத் தயக்கம் எவ்வளவு பெரிய இழப்பில் முடியக்கூடும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். தலைமை விமானி அதை உறுதியாக மறுத்தார். ஐயம் அத்துடன் அடங்கியது. அவ்விபத்துக்குப் பின், இளையவரும் தயங்காது கேட்க வேண்டும் என்பது விமானப் பயிற்சியில் இடம்பெற்றது.

நம் அலுவலகங்களிலும் பணிவாகக் கேட்க வழி உண்டு. 'நீங்கள் சொன்னது சரியா?' என்பது சொன்னவரை ஐயுறுவதுபோல் ஒலிக்கும். 'சார், வியாழக்கிழமை வரும் சரக்கு, பதினைந்து மூட்டை என்று குறித்துக்கொண்டேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?' என்றால் பொறுப்பு கேட்பவருடையதாகிறது. சொன்னவரும் எளிதில் திருத்தலாம். 'நாளை' என்பதற்குப் பதில் கிழமையையும் தேதியையும் சொல்வது நலம். ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிப்பதால், எண்களை 'ஒன்று, ஐந்து' எனத் தனித்தனியே சொல்லலாம். பிறகு ஒருவரிக் குறுஞ்செய்தி அனுப்பினால் இருவருக்கும் சான்றாகும்.

பணம் அனுப்பும்போது இப்பழக்கம் இன்னும் இன்றியமையாதது. நெஃப்ட் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணைக் கொண்டே தொகை வரவு வைக்கப்படுகிறது. ஆகவே, பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணை அழைக்காமல், நாம் முன்பே அறிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்போம். அஞ்சல் மேலதிகாரியின் பெயரில் வந்திருந்தாலும் இதுவே முறை.

கேட்கப்படுபவருக்கும் ஒரு கடமை உண்டு. 'ஒருமுறை சொன்னால் புரியாதா?' என்று மேலாளர் சினந்தால், அடுத்த முறை எவரும் கேட்கமாட்டார். 'கேட்டது நல்லது' என்னும் இரு சொற்கள் போதும். அலுவலகம் முழுவதும் கேட்கத் துணியும்.