பெட்டி வரைந்து பழகுவோம்

மாணவர்களே! தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடையில் நின்று தண்டவாளங்களை நோக்கியிருப்பீர்கள். அருகில் விலகி நிற்கும் இரு தண்டவாளங்களும் தொலைவில் செல்லச் செல்ல நெருங்கி, இறுதியில் ஒரு புள்ளியில் இணைவதுபோல் தோன்றும். நம் நாட்டின் அகலப்பாதையில் அவற்றின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். தொலைவிலும் அவ்விடைவெளி அதுவே. அளவு மாறவில்லை, நம் கண்ணுக்குப் புலப்படும் தோற்றமே மாறுகிறது. இத்தோற்றத்தை உள்ளவாறே தாளில் வரைவதை இயலுறு தோற்ற வரைவு என்பர்.

ஒரு பெட்டியின் எதிரெதிர் விளிம்புகள் இணையானவை என்பதை நாம் அறிவோம். ஆகவே, புதிதாக வரையப் பழகுவோரின் கை அவற்றை இணையாகவே இழுத்துவிடுகிறது. வரைந்து முடித்தபின் பெட்டியின் பின்புறம் விரிந்து கோணலாகத் தெரிகிறது. “எனக்கு ஓவியம் வராது” என்று பலர் பென்சிலைக் கீழே வைப்பது இவ்விடத்தில்தான். குறை கையில் இல்லை. கண்ணால் கண்டதை விட்டு, மனத்தால் அறிந்ததை வரைந்ததே குறை. பயிற்சியால் இதனை நீக்கலாம்.

இத்தாலி நாட்டின் பிளாரன்சு நகரில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புருனெல்லெசுகி என்னும் கட்டடக்கலைஞர் இம்முறையைச் செய்து காட்டினார். 1435இல் ஆல்பர்ட்டி என்பவர் அதன் விதிகளை நூலாக எழுதினார். முகலாயர் காலச் சிற்றோவியங்களிலோ ஒரே கட்டடம் பல திசைகளிலிருந்து கண்டதுபோல் வரையப்பட்டிருக்கும். அது பிழையன்று, வேறொரு மரபு.

இனி, வரையும் முறையைக் காண்போம். தாளின் குறுக்கே ஒரு கிடைக்கோடு வரைக. இது உங்கள் கண்மட்டம். அதன்மீது ஒரு புள்ளி இடுக. இதற்கு மறையும் புள்ளி என்று பெயர். கோட்டிற்குக் கீழே, புள்ளிக்கு இடப்பக்கம் தள்ளி ஒரு சதுரம் வரைக. சதுரத்தின் மேல் முனைகள் இரண்டிலிருந்தும், கீழ் வலமுனையிலிருந்தும் மறையும் புள்ளியை நோக்கி மெல்லிய கோடுகள் இழுக்கவும். மேலுள்ள இரு கோடுகளுக்கிடையே, சதுரத்தின் மேல்விளிம்புக்கு இணையாக ஒரு சிறு கோடு இடுக. அதன் வலமுனையிலிருந்து நேர் கீழாக, மூன்றாம் கோட்டைத் தொடும்வரை ஒரு கோடு இறக்குக. முன்புறமும் மேற்புறமும் வலப்புறமும் தெரியும் பெட்டி உருவாகிவிடும். அதே பெட்டியைக் கண்மட்டத்திற்கு மேலே வரைந்தால், மேற்புறம் மறைந்து அடிப்புறம் தெரியும்.

கை சற்றுப் பழகியபின், அளவுகோல் இன்றிப் பெட்டிகளை வரைக. பின்னர் அளவுகோலை வைத்து, பின்னோக்கிச் செல்லும் விளிம்புகளை வண்ணப் பென்சிலால் நீட்டிப் பார்க்க. அவை ஒரே புள்ளியில் கூடுகின்றனவா? கூடவில்லையெனில், எந்தக் கோடு விலகியது என்பது உடனே தெரிந்துவிடும். பிழையைப் பிறர் சுட்டிக்காட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தாளே அதைக் காட்டிவிடும். அழிப்பானால் அழிக்காமல், அடுத்த பெட்டியில் திருத்திக்கொள்க.

பெட்டியை மட்டும் வரைவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பேருந்து, அலமாரி, வீடு ஆகியவற்றின் அடிப்படை வடிவம் பெட்டியே. பெட்டியின் ஒரு பக்கத்தில் மூலைவிட்டங்கள் இரண்டை வரைந்தால், அவை வெட்டும் இடம் அப்பக்கத்தின் நடுவாகும். சுவரின் நடுவே கதவு வைக்க இதுவே வழி. பெட்டியைச் சரியாக வரைபவர், பெரிய தெருவையும் தயக்கமின்றி வரையலாம்.

நாள்தோறும் பத்துப் பெட்டிகள் வரைந்து, தாளில் தேதியிடுக. ஒரு மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் முன்னேற்றத்தை நீங்களே காண்பீர்கள்.

பயிற்சி

1. தொலைவில் தண்டவாளங்கள் இணைவதுபோல் தோன்றுவது ஏன்?
2. கண்மட்டத்திற்கு மேலுள்ள பெட்டியின் எப்புறம் தெரியும்?
3. வகுப்பறைச் சன்னலருகே நின்று, ஒரு கண்ணை மூடி, எதிரிலுள்ள கட்டடத்தின் விளிம்புகள் எத்திசையில் சாய்கின்றன என நோக்கி ஐந்து தொடர்களில் எழுதுக.