மூன்று சுற்றிலிருந்து பதினைந்து சுற்றுக்கு

அண்மையில் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவியுடன் பேசிக்கொண்டிருந்தவர் என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார். "ஹஸரத், மகன் பொக்சிங் பழகப் போறன் எண்டு ஒற்றைக்காலில் நிக்கிறான். கூடாது எண்டால், முஹம்மத் அலியும் முஸ்லிம்தானே எண்டு கேட்கிறான். நான் என்ன சொல்ல?"

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பையன் அலியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டான். ஆகவே அந்தச் சாட்சியின் வாழ்க்கையை முதலில் பார்த்துவிடுவோம் என்றேன்.

1942 ஜனவரி 17இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்த அவருக்கு காசியஸ் கிளே என்று பெயரிட்டார்கள். தந்தை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். தாய் ஒடெஸா, வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துப்புரவு செய்தும் உழைத்தவர். 1954இல், பன்னிரண்டு வயதில், பையனின் புத்தம் புதிய சைக்கிளை யாரோ களவாடிவிட்டார்கள். அழுதுகொண்டே பொலிஸ்காரரைத் தேடி ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குப் போனான். அங்கே ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ்காரர் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். திருடனை அடித்து நொறுக்குவேன் என்றான் பையன். அதற்கு முன் அடிக்கப் பழகிக்கொள் என்றார் அவர். சைக்கிள் திரும்பி வரவேயில்லை.

அடுத்த ஆறு வருடங்கள் அவர் அமெச்சூர் வீரர். அமெச்சூர் என்றால் கூலி இல்லை. கிண்ணமும் பதக்கமும் மட்டுமே. ஒரு போட்டிக்கு மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள். எதிரியை வீழ்த்துவதைவிட, அடி வாங்காமல் அடித்துப் புள்ளி சேர்ப்பதே அங்கு திறமை. அலியின் கால்களும் கண்களும் இந்தப் பள்ளியில்தான் கூர்மையாகின. கைகளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குத்து வரும்போது தலையைப் பின்னால் சாய்த்துத் தப்புவது அவர் வழக்கம். ஏறத்தாழ நூறு வெற்றிகள். 1959, 1960 ஆகிய இரு வருடங்களிலும் தேசிய 'கோல்டன் குளவ்ஸ்' பட்டம் அவருக்கே கிடைத்தது.

1960இல் றோம் ஒலிம்பிக். ரிங்கில் எவருக்கும் அஞ்சாத அந்தப் பதினெட்டு வயது இளைஞருக்கு விமானம் என்றால் உயிர் நடுக்கம். பழைய இராணுவப் பொருட் கடையில் ஒரு பரசூட் வாங்கி அதை அணிந்துகொண்டே பறந்தார் என்று மார்ட்டினின் மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 5இல் போலந்து வீரர் பீட்ஷிகோவ்ஸ்கியை வென்று 81 கிலோ பிரிவில் தங்கம் பெற்றார்.

பதக்கத்தோடு ஊர் திரும்பியவருக்கு, கறுப்பர் என்பதால் உணவகங்களில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் வீசினார் என்ற கதை 1975இல் அவர் பெயரில் வெளிவந்த நூலில் இருக்கிறது. அவருடைய நண்பர்கள் பிறகு அதை மறுத்தார்கள். பதக்கம் எங்கோ தொலைந்துவிட்டது என்றார்கள். அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்தே பழகிப்போன அரபுக் கல்லூரிக்காரன் நான். எனவே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது 'என்றொரு கதை உண்டு' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

1960 ஒக்டோபர் 29இல், லூயிவிலின் ஃப்ரீடம் ஹோலில் அவர் முதன்முதலாகக் காசுக்கு மோதினார். எதிரி டன்னி ஹன்சேக்கர், மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு சிற்றூரின் பொலிஸ் தலைவர். ஆறு சுற்றுகள் முடிவில் புள்ளி அடிப்படையில் வென்றார். அந்நாட்களில் லூயிவிலின் பதினொரு வெள்ளைச் செல்வந்தர்கள் கூட்டாகச் சேர்ந்து, கையொப்பத்துக்கு 10,000 டொலர் கொடுத்து அவருக்கு அனுசரணையாளர்கள் ஆனார்கள். வருமானத்தில் பாதி அவர்களுக்கு. அவருடைய பங்கிலிருந்து ஒரு தொகையை எதிர்காலத்துக்கென ஒதுக்கியும் வைத்தார்கள். குத்துச்சண்டை உலகில் இது அபூர்வமான நேர்மை என்றே சொல்ல வேண்டும். மியாமியில் அஞ்சலோ டண்டீ அவருக்குப் பயிற்சியாளரானார்.

தொழில்முறை என்பது வேறு உலகம். மேலங்கி இல்லை. பட்டப் போட்டி அக்காலத்தில் பதினைந்து சுற்றுகள். அதாவது ஒன்பது நிமிடம் நாற்பத்தைந்து நிமிடமாகிவிட்டது. எதிரி நினைவிழந்து விழுவதைப் பார்க்கத்தான் சனம் பணம் கொடுத்தது. ஆனாலும் 1964 பெப்ரவரி 25இல் எல்லோரும் நடுங்கிய சொனி லிஸ்டனை அவர் களைக்க வைத்தார். ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவில்லை. இருபத்திரண்டு வயதில் உலக அதிபார எடை வீரர். அடுத்த சில நாட்களில் புதிய பெயர்: முஹம்மத் அலி. அப்போது அவர் சேர்ந்திருந்த 'நேஷன் ஒஃப் இஸ்லாம்' இயக்கத்தின் கொள்கைகள் நமது அகீதாவுக்கு வெகு தூரமானவை. 1972இல் ஹஜ் செய்தார். 1975க்குப் பின் சுன்னத் வல் ஜமாஅத் வழிக்கு வந்தார்.

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால், 1967 முதல் மூன்றரை வருடங்கள் அவரால் ரிங்கில் ஏற முடியவில்லை. 1971இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. திரும்பி வந்தவரின் கால்களில் பழைய வேகம் இல்லை. குத்துக்களிலிருந்து தப்பியவர் இப்போது குத்துக்களைத் தாங்கத் தொடங்கினார். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனின் அடிகளை வாங்கி வாங்கி அவரைக் களைக்க வைத்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1975இல் மணிலாவில் ஃபிரேஸியருடன் பதினான்கு சுற்றுகள். மரணத்துக்கு மிக அருகில் போய் வந்தேன் என்றார் அலியே. 1977இல் அவருடைய வைத்தியர் பச்சேக்கோ, சிறுநீரகம் பழுதாகி வருவதைக் காட்டும் அறிக்கையை அலிக்கும் அவரைச் சூழ இருந்தோருக்கும் அனுப்பினார். எவரும் பதில் எழுதவில்லை. வைத்தியர் விலகிக்கொண்டார். அதற்குப் பிறகும் நான்கு போட்டிகள்! 1980இல், முன்பு தம்மோடு பயிற்சிக்கு நின்ற லரி ஹோம்ஸிடம், முப்பத்தெட்டு வயதில், பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். 1981இல் விட்டார். 61 போட்டிகள், 56 வெற்றிகள்.

1984இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். வயது நாற்பத்திரண்டு. குத்துகள்தாம் காரணம் என்று வைத்தியர்கள் எல்லோரும் ஒருமித்துச் சொல்லவில்லை. ஆனால் 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய அந்த நடுங்கும் கையை உலகமே பார்த்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது? சண்டையிட்டாலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1987இல் கூடி, இன்று நடைபெறும் முறையிலான குத்துச்சண்டை ஹராம் என்று தீர்ப்பளித்தது. கண் பறிபோவதும், மூளை சிதைவதும், உயிர் போவதும் நிகழக்கூடிய ஒன்றை விளையாட்டு என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

2016 ஜூன் 3இல் அலி வபாத்தானார். ஜனாஸாத் தொழுகை ஜூன் 9இல் நடந்தது. இடம் அதே லூயிவில்.

மறுவாரம் அந்தத் தாய் மகனையும் கூட்டி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அலி ஒலிம்பிக்கோட விட்டிருக்கலாம்தானே?" என்றான் பையன். "விட்டிருந்தால் உனக்கு அவர் பெயரே தெரிந்திராது, மகன்" என்றேன். ஓடு, கயிறு துள்ளு, உடம்பைத் திடப்படுத்து; முகத்தில் குத்தும் போட்டிக்கு என்னிடம் சம்மதம் கேட்டு வராதே என்றும் சொன்னேன். தலையை ஆட்டினான். போகும்போது உம்மாவிடம், கயிறு வாங்கக் காசு கேட்பது என் காதில் விழுந்தது.