வண்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு



நம்ம நீலகிரியில் பழைய வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. எஸ்டேட் ரோட்டில் ஜீப், டவுனில் அம்பாசிடர், மாருதி 800 என்று இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அப்படியென்றால் இன்று ஓடும் வண்டிகளின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கலாம். ஆனா வயசு தெரியுற இடம் வேற. வண்டிக்கு அடியில் போகும் பெட்ரோல் பைப்தான் அது.

பெட்ரோல் பைப் என்றால் என்ன?

அம்பாசிடரில் டேங்க் பின்னாடி, என்ஜின் முன்னாடி. இரண்டையும் இணைப்பது சுண்டுவிரலை விட மெல்லிய ஓர் இரும்புக் குழாய். என்ஜின் பக்கத்தில் உள்ள பம்ப், நாம் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடிப்பது போல, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். குழாயின் இரண்டு முனையிலும் சிறிய ரப்பர் ஹோஸ் இருக்கும்.

நம் ஊரில் ஏன் துரு?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது நாம் வேதியியலில் படித்ததுதான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று துருவை வேகப்படுத்தும். குளிர் நாடுகளில் ரோட்டில் உறைந்த பனி உருக உப்பு தூவுவார்கள், அதனால் அங்கே கார்களின் அடிப்பாகம் சீக்கிரம் அரித்துவிடும். நமக்குக் கடலும் இல்லை, ரோட்டில் உப்பும் இல்லை. ஆனால் மழையும் மிஸ்ட்டும் உண்டே! எவ்வளவு தண்ணீர் பட்டது என்பதை விட, எவ்வளவு நேரம் ஈரமாகவே இருந்தது என்பதுதான் முக்கியம். வண்டிக்கு அடியில் ஒட்டும் செம்மண் நாள் கணக்கில் காயாது. தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்புதான். உர மூட்டை ஏற்றும் வண்டியில் அது சிந்தினால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு, உலோகத்துக்குப் போர்வை மாதிரி பாதுகாப்பு தரும். இரும்புத் துரு அப்படி இல்லை. அது உப்பி, பொரிந்து, உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். மறுபடி துரு!

கண்ணுக்குத் தெரிவது பாதிதான்

குழாயைச் சேஸிஸோடு பிடித்து வைக்கக் கிளிப்புகள் இருக்கும். அந்தக் கிளிப்புக்கு உள்ளேதான் மண்ணும் ஈரமும் தங்கும். வெளியே தெரியும் பகுதி நல்லாத்தான் இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் குழாய் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதனால் "பார்த்தேன், நல்லாயிருக்கு" என்று சொல்வது போதாது.

2025-க்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. பழைய ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாளடைவில் உப்பி, வெடிப்பு விடலாம். ஆகவே இரும்பை மட்டுமல்ல, ரப்பரையும் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் ஏன் நிற்கிறது?

இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. பம்ப் உறிஞ்சும் குழாயில் ஊசி ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே வராமலே இருக்கலாம். அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் ஜூஸ் வராது, புஸ்ஸுன்னு காற்றுதான் வரும் இல்லையா? அதே கதைதான்.

சமதளத்தில் இந்தக் குறை தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது என்ஜினுக்கு அதிக பெட்ரோல் தேவை. வண்டி மேல் நோக்கிச் சாய்வதால் டேங்க் இன்னும் கீழே போகும், பம்ப் அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டும். மலையில் காற்றழுத்தமும் குறைவு. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். பெட்ரோலும் அப்படியே, சூடான குழாயில் சீக்கிரம் ஆவியாகும். எல்லாம் சேர்ந்து ஹேர்பின் வளைவில் வண்டி திக்கித் திணறி நிற்கும், பின்னாடி பஸ் வந்துகொண்டிருக்கும்! டீசல் ஜீப்பில் இதைத்தான் டிரைவர்கள் "ஏர் பிடிச்சிருச்சு" என்பார்கள்.

மாருதி 800-லேயே பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. மாடல்களில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கும். அங்கே குழாயில் அழுத்தம் அதிகம். ஓட்டை விழுந்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். இது நேரடியாகத் தீ விபத்துதான்.

மாற்றுவது எப்படி?

இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நாம் வேடிக்கை பார்ப்பதாக இருந்தாலும் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

1. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலை தொடங்கும். பக்கத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

2. டேங்கில் உள்ள பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேனில் இறக்குவார்கள். காலி டேங்கிலும் ஆவி நிறைய இருக்கும், அதனால் அதுவும் ஆபத்தே.

3. பழைய குழாயை உடையாமல் கழற்றி, அதையே அளவாக வைப்பார்கள். உடைந்துவிட்டால் ஒரு கம்பியை அதே வளைவில் வளைத்து அளவு எடுக்கலாம்.

4. புதுக் குழாய் அதே பருமனில், துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும். செம்புக் குழாய் கையாலேயே வளையும், ஆனால் வண்டி அதிர அதிர அது இறுகி வெடிக்கக்கூடும்.

5. வளைப்பதற்குக் கருவி உண்டு. முழங்காலில் வைத்து மடக்கினால் குழாய் நசுங்கி வழி அடைபடும்.

6. சைலன்சர் பைப்புக்குத் தள்ளி, எங்கும் உரசாமல், ரப்பர் வைத்த கிளிப்பில் பொருத்த வேண்டும். ஹோஸ், ஃபில்டர் இரண்டையும் கூடவே புதிதாக மாற்றிவிட வேண்டும். ஹோஸ் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கணும், தண்ணீர் டியூப் கூடவே கூடாது.

7. கடைசியில் என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்!

சோப்பு வைத்தால் போதாதா?

ஓட்டையில் குளியல் சோப்பை அப்புவது பழைய வித்தை. பெட்ரோலில் சோப்பு எளிதில் கரையாததால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால், அதே வயதுள்ள மீதிக் குழாயும் அதே நிலையில்தான் இருக்கும். இன்று இங்கே ஒட்டினால், நாளை அங்கே ஒழுகும். முழுக் குழாயையும் மாற்றுவதுதான் சரி. செலவு என்று தள்ளிப்போட்டால், அந்தச் செலவைவிடப் பெரிய நஷ்டம் வளைவில் காத்திருக்கும்.

தெரிந்து கொள்வோம்!

* பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஊட்டியில் உறைபனி விழும் காலையிலும் அது ஆபத்தானதே.

* பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பறந்து போகாமல் தரையிலும் பள்ளத்திலும் தங்கும்.

* பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலோ உலர் பவுடர் தீயணைப்பானோ வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

வண்டி ஓட்டும் வயது நமக்கு இல்லை. ஆனால் ஸ்கூலுக்கு வரும் வண்டியில் பின் சீட்டில் உட்காருவது நாம்தான். அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் டேங்க் இருப்பதும் பின்னாடிதான். பெட்ரோல் வாசம் முதலில் வருவது நமக்கே. "பழைய வண்டின்னா அப்படித்தான் வாசம் வரும்" என்று சும்மா இருக்காதீர்கள். உடனே டிரைவர் அண்ணனிடம் சொல்லுங்கள், வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். வீட்டில் பழைய வண்டி இருந்தால், மழைக்காலம் முடிந்ததும் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளிப்பைக் கழற்றிப் பார்த்தீங்களா?"

வருமுன் காப்போம்!